நரைத்த வேலி



வேலி என்றதும் மதுரைச் சமவெளியில் பிறந்த நமக்கு நினைவில் எழுவன கிளுவை வேலியும் கள்ளி வேலியும் முள் வேலியுமே. மரச் சட்டங்களை நிறுத்தி அமைக்கும் கிராதி வேலியைச் சில பள்ளிகளிலும் பழைய பங்களாக்களிலும்தான் காண்கிறோம். அத்தகைய வேலி ஒன்று எனக்குக் கற்பித்த பாடத்தையே இன்று கூற விரும்புகிறேன்.

நான் தலைமையாசிரியனாகப் பணிபுரிந்த ஒரு பள்ளியில், விளையாடும் இடத்துக்கும் வாய்க்காலுக்கும் இடையே தேக்குக் கிராதி ஒன்று நின்றது. பல்லாண்டு வெயிலும் மழையும் பட்டுச் சாம்பல் நிறமாக நரைத்திருந்தது. ஓர் ஐப்பசி மாதத்தில், அதிகாரி ஒருவர் பள்ளியைப் பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. இரண்டே நாளில் வேலி முழுவதற்கும் பச்சை வர்ணம் பூசச் செய்தேன். பாசியைத் தேய்க்கவில்லை, ஈரம் உலரவும் பொறுக்கவில்லை. வந்தவர் வேலியைப் பாராட்டிச் சென்றார். எனக்கும் பெருமையாகவே இருந்தது.

மறு ஆண்டு, ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் அவ்வேலியில் சாய்ந்து நின்றான். தூண் அடியில் முறிந்தது. சிறுவன் வாய்க்காலில் விழுந்தான். இடுப்பளவு நீரே ஓடியதால் உடனிருந்தோர் கரையேற்றினர். நீர் இன்னும் இரண்டு முழம் உயர்ந்திருந்தால்? அன்றிரவு நான் உறங்கவில்லை.

விடிந்ததும் ஊர்த் தச்சரை அழைத்து, வேலி முழுவதையும் விறகுக்குத் தள்ளிவிடலாமா என்று கேட்டேன். அவர் விடை கூறாமல், சிற்றுளி ஒன்றால் ஒவ்வொரு தூணையும் தரையை ஒட்டிக் குத்திப் பார்த்தார். இருபத்திரண்டு தூண்களில் ஐந்தில் மட்டுமே உளி புதைந்தது. "ஐயா, நரைத்தது தோல், உள்ளே வைரம் அப்படியே இருக்கிறது. இந்த ஐந்தும் வெளிறு மிகுந்த கட்டைகள். இவற்றின் நோய் காலில் இருக்கிறது. அதைத்தான் வர்ணம் மறைத்துவிட்டது" என்றார்.

அவர் கூறியதை விஞ்ஞானமும் ஒப்புகிறது. மரத்தின் நார்களைப் பிணைத்திருக்கும் பொருள் லிக்னின் எனப்படும். சூரியனின் புற ஊதாக் கதிர் அதைச் சிதைக்க, மழை கழுவிச் செல்ல, எஞ்சிய நார் நரைக்கிறது. இத்தேய்வு மிக மெதுவானது. பைன் போன்ற மென்மரங்களிலேயே நூறு ஆண்டில் ஏறத்தாழ 6 மில்லிமீட்டர்தான் தேயும்.

உளுத்தல் அவ்வாறன்று. அது காளான் இனத்தின் வேலை. அதற்கு நீரும் காற்றும் ஒருங்கே வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு 20 பங்குக்குக் குறைந்தால் அது வளராது. தரைமட்டத்தில்தான் இரண்டும் கூடுகின்றன. அதனால் தூண் அங்கே முறிகிறது. மெகஸ்தனிஸ் கி.மு. 300 அளவில் வருணித்த பாடலிபுத்திரத்து மரமதிலின் எச்சங்கள், பாட்னாவில் நீர் ஊறிய மண்ணின் ஆழத்திலிருந்து இருபதாம் நூற்றாண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. அங்கே நீர் இருந்தது, காற்று இல்லை.

எங்கள் பணியை மாசி மாதத்தில் தொடங்கினோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மரம் நன்கு உலர்வது அப்போதுதான். முதலில் வர்ணத்தைச் சுரண்டினோம். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கலாம். அதன் தூள் மூச்சில் கலப்பது தீது. ஆகவே அதை நனைத்து, நானும் தச்சரும் மட்டுமே செய்தோம். பின்னர் மாணவர்கள் சலவைச் சோடா கரைத்த நீரும் தென்னை நாரும் கொண்டு, இழையோட்டத்தின் வாக்கிலேயே தேய்த்துக் கழுவினர். குறுக்கே தேய்த்தால் நார் கிளம்பிவிடும். வாய்க்காலில் விழுந்த சிறுவனும் அவர்களுள் ஒருவன். நரைக்குள்ளிருந்து தேக்கின் பொன்னிறம் வெளிப்பட்டபோது அவன் கூவியழைத்துக் காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஒரு வாரம் உலரவிட்டு, உப்புத்தாள் இட்டு, ஆளிவிதை எண்ணெய் பூசினோம். வர்ணம் மேலே ஆடைபோல் படியும். அது வெடித்தால் உள்ளே புகும் நீர் எளிதில் வெளியேறாது. எண்ணெயோ மரத்துக்குள் ஊறும். ஓர் எச்சரிக்கை: இவ்வெண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தால் தாமே சூடேறித் தீப்பற்றும். அவற்றை நீரில் நனைத்து, வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்த வேண்டும்.

ஐந்து தூண்களின் உளுத்த அடியைத் தச்சர் அறுத்து நீக்கினார். மண்ணில் கல்லுக்கால்களை நட்டு, எஞ்சிய மரத்தை அவற்றின்மேல் தரைக்குச் சாண் உயரத்தில் பொருத்தினார். நம் பழைய வீடுகளின் மரத்தூண்கள் கல்லின்மேல் நிற்பதும் இதற்காகவே. தூண்களின் தலையைச் சரிவாகச் சீவியதால் மழைநீர் அங்கே தேங்கவில்லை.

மாணவர்களே, உங்கள் பள்ளியிலும் ஒரு மரக்கதவோ வேலியோ இருக்கும். நரைத்தது என்று அதை எறிந்துவிடாதீர்கள். பளபளக்கிறது என்று நம்பியும் விடாதீர்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் குனிந்து அதன் அடியைத் தொட்டுப் பாருங்கள். நான் அன்று குனியவில்லை. அதற்கான விலையை ஒரு சிறுவன் கொடுக்க இருந்தான்.