உடைந்த கனெக்டிங் ராடு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம்தான், பேரன் பேத்தி கதை வேண்டாம்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். எனவே மெக்கானிக்கல்காரன் பேசக்கூடிய விஷயம் ஒன்றைப் பேசுகிறேன். ஒரு கனெக்டிங் ராடு!

ரால்ஃப் டி பால்மா இத்தாலியில் பிறந்து, சிறுவயதில் அமெரிக்கா போனவர். சைக்கிள், மோட்டார் சைக்கிள் என்று ஓட்டிப் பார்த்துவிட்டுக் கார் பந்தயத்துக்கு வந்தார்.

1912 மே 30, இண்டியனாபோலிஸ். 500 மைல், 200 சுற்று. மூன்றாவது சுற்றில் அவருடைய மெர்சிடிஸ் முந்தியது. அப்புறம் யாராலும் பிடிக்க முடியவில்லை. தொடர்ந்து 196 சுற்று அவர்தான் முதல். அடுத்து வந்த ஜோ டாசன் ஐந்து சுற்றுக்கு மேல் பின்னால். இன்னும் இரண்டே சுற்று பாக்கி. ராடு உடைந்து கிராங்க் கேஸில் ஓட்டை போட்டுவிட்டது. வண்டி நொண்டி நொண்டி வந்து நின்றேவிட்டது. அவரும் பக்கத்து இருக்கை மெக்கானிக் ரூபர்ட் ஜெஃப்கின்ஸும் இறங்கித் தள்ள ஆரம்பித்தார்கள். அதற்குள் டாசன் கடந்து போய் ஜெயித்துவிட்டார். அவர் முதலாவதாக ஓட்டியது கடைசி இரண்டு சுற்று மட்டுமே! டி பால்மா சிரித்த முகத்தோடு போய் அவருக்குக் கை கொடுத்தார். கூட்டம் கை தட்டியது தள்ளினவர்களுக்கு. முடிவுப் பட்டியலில் பதினோராவது இடம்.

இதைப் பெருந்தன்மைக் கதையாகச் சொல்வார்கள். எனக்கென்னவோ ராடுதான் கண்ணில் நிற்கிறது. ஏனென்றால் 1915-ல் அதே மைதானம், மறுபடி மெர்சிடிஸ், மூன்று சுற்று இருக்கும்போது மறுபடியும் ராடு போனது! இந்தத் தடவை மிச்சமிருந்த சிலிண்டர்களோடு வண்டி எப்படியோ கோட்டைத் தாண்டிவிட்டது. சராசரி மணிக்கு 89.84 மைல். அவர் வாங்கிய ஒரே இண்டியனாபோலிஸ் வெற்றி அது. ஓட்டினவர் அதே ஆள், ஓட்டின விதமும் அதேதான். நம் வகுப்பில் கடைசி வருஷம் நின்றுபோன இரண்டு பேரை நினைத்துக்கொள்கிறேன். ஒருவன் என்னைவிட நன்றாக டிராயிங் போடுவான். இந்த மலரில் அவன் போட்டோ இல்லை.

1920-லும் டி பால்மா முன்னால் போய், கடைசியில் வண்டி மக்கர் செய்து ஐந்தாவதாக வந்தார். அன்று மெக்கானிக்காகக் கூட உட்கார்ந்திருந்தவர் அவருடைய மருமகன் பீட்டர் டி பாவ்லோ. 1925-ல் அந்தப் பையனே ஜெயித்தார், சராசரி 100 மைலுக்கு மேல் போன முதல் ஆளாக. மாமாவும் அதே பந்தயத்தில் ஓட்டினார். ஏழாவது இடம்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.