முகப்பருவும் நம் அடுக்களையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

நான் இரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தர். என் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. மருத்துவம் பேச இவனுக்கென்ன தகுதி என்று நீங்கள் எண்ணுவது இயல்பே. நான் செய்த ஒரு பிழையும், அதனால் என் மகள் பட்ட துன்பமுமே என் தகுதி. அவளுடைய இசைவு பெற்றே இதனைச் சொல்கிறேன்.

சென்ற ஆண்டு இவ்விழா நாடகத்தில் அவளுக்கு நல்லதொரு வேடம் அளித்திருந்தார்கள். இரண்டு நாள் ஒத்திகைக்குச் சென்றவள் மூன்றாம் நாள் கதவைச் சாத்திக்கொண்டாள். முகமெங்கும் பரு. வீட்டுக்கு வந்தோர் அவள் நலம் கேட்குமுன் பருவைப் பற்றியே கேட்டனர். "கடலை தின்றிருப்பாள்", "எண்ணெய்ப் பலகாரம்", "உடம்புச் சூடு" என்று ஆளுக்கொரு தீர்ப்பு. நானும் அவர்களோடு சேர்ந்துகொண்டு, பசவனகுடிக் கடலைக்காய்த் திருவிழாவில் ஆசையாய் வாங்கிவந்த பையைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். அதோடு நின்றேனா? ஒரு மருந்துக்கடையில், மருத்துவர் சீட்டு ஏதுமின்றி, ஒரு களிம்பையும் வாங்கிவந்தேன். பத்தே நாளில் முகம் பளபளத்தது. வீட்டில் எனக்குப் பெரும் பாராட்டு! இரண்டு திங்கள் சென்றபின் தோல் சிவந்து எரியலாயிற்று. களிம்பை நிறுத்தினாலோ பரு முன்னிலும் மிகுந்தது. பிறகு கண்ட தோல் மருத்துவர், "இது ஸ்டீராய்டுக் களிம்பு, பருவுக்கு ஆகாது" என்றார்.

இஃது என் வீட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. 2011ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், இந்தியாவின் 12 மருத்துவ நிலையங்களுக்கு முகத்தோல் குறையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் இத்தகைய களிம்பைப் பூசிவந்தவர்கள் எனத் தெரிந்தது.

நிற்க. பரு எவ்வாறு தோன்றுகிறது? மயிர்க்கால்தோறும் ஒரு நெய்ச் சுரப்பி உண்டு. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன், ஆண் பெண் இருபாலாரிடத்தும், அச்சுரப்பியைத் தூண்டுகிறது. நெய் மிகுதியாக ஊறும். உதிர வேண்டிய தோலணுக்கள் வாயிலை அடைக்கும். லைன் கிளியர் கிடைக்காத சரக்கு வண்டி யார்டில் கிடப்பதுபோல் நெய் உள்ளே தேங்கும். அங்குள்ள கிருமிகள் பெருகி, இடம் வீங்கிச் சிவக்கும். ஆதலால் முகம் கழுவாத சோம்பலால் வந்தது என்று பிள்ளைகளைக் கடிவது பொருந்தாது.

உணவுக்கு இதில் பங்கில்லையா? 1969இல் அமெரிக்காவில் 65 பேருக்குச் சாக்லேட் கொடுத்துப் பார்த்து, பரு மிகவில்லை என்றார்கள். அதனால் உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்ற கருத்து நெடுங்காலம் நிலவிற்று. ஆனால் ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மற்றொரு மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறக்குறைய அதே அளவு இருந்தனவாம்! ஒரு குடம் கள்ளை மற்றொரு குடம் கள்ளோடு ஒப்பிட்டுக் கள்ளில் போதையில்லை என்பது போன்றதன்றோ இது?

பின்னர்க் காற்று திசை மாறியது. பாப்புவா நியூகினியைச் சேர்ந்த கித்தாவா தீவில் 1,200 பேரைச் சோதித்தும் ஒருவர் முகத்திலும் பருவைக் காணவில்லை என்று 2002இல் லோரன் கோர்டைன் குழுவினர் எழுதினர். அம்மக்கள் உண்பது கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும். கிழங்கும் தேங்காயும் நமக்குப் புதியவையா என்ன? பிறவிக் கூறும் ஒரு காரணமாகலாம் என்பதால் அதனை மட்டும் நம்புவதற்கில்லை. 2007இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வே என் கருத்தைக் கவர்ந்தது. 43 இளைஞர்; 12 வாரம். விரைந்து சர்க்கரையாக மாறும் உணவைக் குறைத்தவர்க்குப் பருக்கள் சராசரியாக 23.5 குறைந்தன, மற்றவர்க்கு 12 குறைந்தன. குருதியில் சர்க்கரை திடுமென ஏறினால் இன்சுலின் பெருகும். அது நெய்ச் சுரப்பியையும் முடுக்கிவிடும் என்பது விளக்கம்.

அப்படியானால் குற்றவாளி பரண்மேல் கிடந்த கடலையன்று! கடலை மெல்லச் செரிப்பது. மாலைதோறும் நான் கையில் ஏந்திவந்த ஐயங்கார் பேக்கரிப் பொட்டலம் இருக்கிறதே, இனிப்பு பன், தேன் கேக், தில்பசந்த், அதனோடு நாளுக்கு நான்கு முறை இனிப்புக் காப்பி, புட்டியில் வரும் சர்க்கரைப் பானம், இவற்றையே முதலில் ஐயுற வேண்டும்.

என் துணைவியார் பன்னை நிறுத்திக் கடலையை இறக்கினார். அவரைக்காய்க் காலத்தில் அவரை. பச்சரிசிச் சோறு பாதியாயிற்று. கன்னட அண்டைவீட்டு அம்மையாரிடம் முத்தே கிண்டக் கற்றுக்கொண்டார். முதல் நாள் அது முத்தேயுமன்று, களியுமன்று, ஆயினும் உண்டோம். கேழ்வரகு என்றவுடன் வெல்லத்தை அள்ளிப்போட்டுக் கஞ்சி காய்ச்சினால் பயன் கெடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பாலைப் பற்றிச் சிலர் வினவுகின்றனர். 2005இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், பள்ளிப் பருவத்தில் மிகுதியாகப் பால் பருகிய செவிலியர்க்குப் பரு சற்றே மிகுதி எனத் தெரிந்தது. ஆனால் அது பழைய நினைவைக் கேட்டு எழுதியது, முடிந்த முடிபன்று. வளரும் பிள்ளைக்குப் பாலையும் தயிரையும் பறித்துவிடாதீர்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் தம்பிமார், தாம் கரைத்துக் குடிக்கும் பாற்புரதப் பொடியைச் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம்.

உண்மையை மறைக்க மாட்டேன். மூன்று திங்களில் உணவால் ஓரளவே குறைந்தது. பெரும்பகுதியைக் குறைத்தது மருத்துவர் தந்த மருந்து. உணவு துணையே என்று அவரே சொன்னார். பெண்பிள்ளைக்குப் பருவோடு மாதவிலக்கும் ஒழுங்கு தவறினால் அதனையும் மருத்துவரிடம் கூசாமல் சொல்லுங்கள். செலவுக்கு அஞ்சுவோர்க்குச் சிவாஜிநகர் பௌரிங் அரசு மருத்துவமனையிலும் தோல் பிரிவு உண்டு.

செயலாளர் மணியைத் தொடுகிறார். என் நேரம் முடிந்தது. அடுத்து நாடகம். சென்ற ஆண்டு விட்டுப்போன வேடத்தை என் மகள் இன்று ஏற்கிறாள். கன்னத்தில் இரண்டொரு தழும்பு தெரியும். அரிதாரத்தை அப்பி அதனை மறைக்க வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள்.