எதிரே நிற்க யாருக்கு அனுமதி: உலக ஹெவிவெயிட் பட்டத்தின் கதை



பம்மல் என்று சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு ஒரு நாடக ஆசிரியர் ஞாபகத்துக்கு வருவார், இல்லையென்றால் ஒரு சினிமா. நமக்கு ஞாபகம் வருவது நாகல்கேணிப் பக்கமிருந்து அடிக்கும் தோல் வாடை. பக்கத்தில் இருக்கும் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்ததே குரோம் லெதர் கம்பெனிதான். இந்தப் பேருரை யாருடைய நினைவாக நடக்கிறதோ அந்த அண்ணன் சுண்ணாம்புக் குழியில் நின்று வேலை பார்த்தவர். அவர் பெயர் வாசலில் ஒட்டிய சுவரொட்டியில் இருக்கிறது. அவருடைய கையை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை படிப்பு வட்டத்துக்கு வந்தால் முதலில் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தைத்தான் பிரிப்பார். அம்பேத்கர் அப்புறம்தான்.

1980ல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டி ஆடினார். அண்ணன் அன்றைக்கு அங்கே இருந்தார். எத்தனையோ முறை அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஒருநாள் எங்களைப் பார்த்து, "அலியப் பாத்தேன் பாத்தேன்னு எல்லாரும் சொல்றான். அலிக்கு எதிர்ல நின்னவன் யாருன்னு ஒருத்தனும் கேக்க மாட்றான். அந்த ஆளப் பத்தித் தெரிஞ்சுக்கங்கடா, பட்டம்னா என்னன்னு தெரியும்" என்றார். அன்று எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. அவர் இருந்தபோது சொல்லாத பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

இந்தத் தலைப்பை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நம் மன்றத்துக்குள் இப்போது ஒரு தகராறு நடக்கிறது. ஆண்டுதோறும் நாம் தரும் விருதின் பெயரில் 'தலித்' என்ற சொல் வேண்டுமா, வேண்டாமா? பெரிய விருதுக்காரர் ஒருவர் புதிதாகத் 'தலித் பிரிவு' திறந்ததும் இந்தத் தகராறு சூடு பிடித்துவிட்டது. அதற்கும் குத்துச்சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

ஓட்டப் பந்தயத்தில் யாரையும் தொடாமல் ஜெயிக்கலாம். குத்துச்சண்டையில் முடியாது. எதிரே நிற்பவனைத் தொட வேண்டும், அவனிடம் தொடு வாங்க வேண்டும். அவன் வியர்வையும் ரத்தமும் நம் மேல் படும். இரண்டு பேர் கையிலும் தோல் உறை. தொட்டால் தீட்டு என்பவனுக்கு இந்த விளையாட்டில் ஒரே வழிதான் உண்டு: எதிரே வருபவனை மேடை ஏறவே விடாமல் செய்வது. உலக ஹெவிவெயிட் பட்டத்தின் முதல் அரை நூற்றாண்டு வரலாறு பெரும்பாலும் இதுதான். யார் யாரை அடித்தார் என்ற பட்டியலைவிட, யார் யாரோடு மோத மறுத்தார் என்ற பட்டியல்தான் உண்மையைச் சொல்லும்.

ஜான் எல். சல்லிவனிலிருந்து ஆரம்பிப்போம். வெறுங்கைச் சண்டைக் காலத்தின் கடைசிப் பெரிய சாம்பியன் அவர். 1892ல் அவர் விட்ட சவாலில், கறுப்பரோடு மோத மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அவர் மனதில் இருந்தது பீட்டர் ஜாக்சன். கரீபியன் தீவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த கறுப்பின வீரர். 1891 மே மாதம் சான்பிரான்சிஸ்கோவில் ஜிம் கார்பெட்டோடு 61 ரவுண்டு மோதினார். இருவரும் இனி நிற்கக்கூட முடியாது என்ற நிலையில் சண்டையை நிறுத்தினார்கள், முடிவில்லை. அடுத்த ஆண்டு கார்பெட் சல்லிவனை வீழ்த்தி உலகச் சாம்பியன் ஆனார். கையுறை அணிந்து, குவீன்ஸ்பெரி விதிகளின்படி நடந்த முதல் உலக ஹெவிவெயிட் பட்டச் சண்டை அது. ஜாக்சனுக்கு மட்டும் வாய்ப்புக் கிடைக்கவே இல்லை. 61 ரவுண்டு தொட்ட கை, பட்டம் இடுப்பில் ஏறியதும் தொட மறுத்துவிட்டது. ஜாக்சன் பிற்பாடு 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாடகத்தில் அடிமை வேடம் கட்டிப் பிழைத்தார். 1901ல் குயின்ஸ்லாந்தில் காசநோயில் செத்தார்.

இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'கலர் லைன்', நிறக்கோடு. நம் ஊரில் இதற்குக் கோடு போட வேண்டியதில்லை, தெருவே போதும்.

உள்ளே விட மறுத்தவர்கள் வெளியே இன்னொரு பட்டத்தை அனுமதித்தார்கள். 'உலகக் கலர்ட் ஹெவிவெயிட் சாம்பியன்' என்று அதற்குப் பெயர். உலகம் ஒன்றுதான், சாம்பியன் இரண்டு. டீக்கடையில் இரண்டு டம்ளர் வைத்த மாதிரி. டீ ஒன்றுதான், டம்ளர்தான் வேறு. சாம் லாங்ஃபோர்டு, ஜோ ஜெனெட், ஹாரி வில்ஸ் போன்ற மகா வீரர்கள் இந்த இரண்டாவது டம்ளருக்காகத் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டார்கள். லாங்ஃபோர்டும் வில்ஸும் மட்டும் பதினைந்து தடவைக்கு மேல் மோதியிருக்கிறார்கள். வேறு யாரும் அவர்களோடு மோத வராதபோது வேறு என்ன செய்வது? லாங்ஃபோர்டுக்குக் கண் போனது. 1944ல் ஒரு பத்திரிகையாளர் தேடிப் போனபோது நியூயார்க் ஹார்லெமில் ஓர் இருட்டறையில் பார்வையற்றுத் தனியாக இருந்தார். உலக ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஒரு தடவைகூட மோத விடாமல் போன ஆட்களில் அவரைவிடப் பெரியவர் இல்லை என்பது எங்கள் கருத்து.

கோட்டை முதலில் உடைத்தவர் ஜாக் ஜான்சன். சாம்பியன் டாமி பர்ன்ஸ் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே போய்ச் சவால் விட்டார். கடைசியில் பணம் பேசியது. 30,000 டாலர் தந்தால் மோதுகிறேன் என்று பர்ன்ஸ் இறங்கினார். ஜான்சனுக்குக் கிடைத்தது அதில் ஒரு சிறு பங்கு. 1908 டிசம்பர் 26 அன்று சிட்னியில் சண்டை நடந்தது. 14ஆம் ரவுண்டில் போலீஸ் உள்ளே புகுந்து நிறுத்த வேண்டியதாயிற்று. இங்கே ராயப்பேட்டையில் அயோத்திதாசப் பண்டிதர் அதற்கு முந்தைய ஆண்டுதான் 'தமிழன்' இதழைத் தொடங்கியிருந்தார். அவருக்கு ஜான்சனைத் தெரியும் என்றெல்லாம் நாங்கள் சொல்ல வரவில்லை. ஒரே காலத்தில் இரண்டு கண்டங்களில் 'நாங்களும் மனிதர்' என்ற சத்தம் கேட்டது என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றுத் தோட்டத்தில் இருந்த பழைய சாம்பியன் ஜேம்ஸ் ஜெஃப்ரிஸைக் கெஞ்சிக் கூட்டி வந்தார்கள், வெள்ளை இனத்தின் மானத்தைக் காப்பாற்ற. 1910 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர நாள், ரெனோ நகரம். 15ஆம் ரவுண்டில் ஜான்சன் அவரைச் சாய்த்தார். அன்றிரவு அமெரிக்க நகரங்கள் பலவற்றில் கறுப்பர்களைத் தேடித் தேடித் தாக்கினார்கள். உயிர்கள் போயின. சண்டைப் படத்தைத் திரையிட ஊர் ஊராகத் தடை போட்டார்கள். தென்னாப்பிரிக்காவிலும் தடை. 1912ல் அமெரிக்கக் காங்கிரஸ் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகவே கூடாது என்று சட்டம் போட்டது. 1911ல் லண்டனில் ஜான்சன் ஒரு வெள்ளையரோடு மோத ஏற்பாடானபோது அதையும் நடக்க விடவில்லை. உள்துறை அமைச்சர் வின்ஸ்டன் சர்ச்சில். கறுப்பர் வெள்ளையரை அடிப்பதைக் காலனி மக்கள் பார்த்தால் பேரரசுக்கு ஆகாது என்று எதிர்ப்பாளர்கள் வாதாடினார்கள். காலனி மக்கள் என்றால் நம் தாத்தாக்களும்தான்.

இனி வருவது கசப்பான பகுதி. பட்டம் கைக்கு வந்தபின் ஜான்சன் யாரோடு மோதினார்? லாங்ஃபோர்டோடு மோதவில்லை. ஜெனெட்டோடு மோதவில்லை. 1913 டிசம்பரில் பாரிசில் ஜிம் ஜான்சன் என்ற ஒரே ஒரு கறுப்பின வீரரோடு மட்டும் பட்டத்துக்காக மோதினார், அவ்வளவுதான். இரண்டு கறுப்பர்கள் மோதினால் டிக்கெட் விற்காது என்று கணக்குச் சொன்னார். அந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது யார் என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் கதவை உள்ளேயிருந்து சாத்தியது அவர் கைதான். நம்மில் ஒருவர் அகாதமிக்குள்ளோ பல்கலைக்கழகத்துக்குள்ளோ போனபின், 'ஓர் ஆள் போதும்' என்று அவர்கள் வைத்த கணக்கைத் தன் கணக்காகவே நினைத்துக்கொள்வதை நாம் பார்த்ததில்லையா? பெயர் சொல்லத் தேவையில்லை. சிலர் இந்த அரங்கிலேயே இருக்கலாம், நாங்களாகவும் இருக்கலாம்.

1915 ஏப்ரலில் ஹவானாவில் ஜெஸ் வில்லார்டிடம் ஜான்சன் தோற்றார். அதற்குப்பின் 22 ஆண்டுகள் எந்தக் கறுப்பரையும் பட்டச் சண்டைக்கு ஏற விடவில்லை. ஹாரி வில்ஸ் ஜாக் டெம்ப்சிக்காகக் காத்திருந்தே வயதானார். 1937 ஜூன் 22 அன்று சிகாகோவில் ஜோ லூயிஸ் ஜேம்ஸ் பிராடக்கை வீழ்த்தினார். அதற்கு விலை என்ன தெரியுமா? லூயிஸின் சண்டைகளில் வரும் வருமானத்தில் பத்துச் சதவீதம், பத்தாண்டுகளுக்கு, தோற்ற பிராடக்குக்கு. கோயிலுக்குள் நுழைய வாசலில் வாடகை. அதற்கு முன்பே லூயிஸின் மேலாளர்கள் அவருக்குக் கட்டளைகள் போட்டிருந்தார்கள்: வெள்ளைப் பெண்ணோடு படம் எடுத்துக்கொள்ளாதே, விழுந்தவனைப் பார்த்துச் சிரிக்காதே. ஜான்சன் மாதிரி நடக்காதே என்பதுதான் அதன் சுருக்கம். 'நல்ல பிள்ளையாக இரு, இடம் தருகிறோம்.' இதைக் கேட்காத முதல் தலைமுறைப் பட்டதாரி நம்மில் உண்டா? நல்ல பிள்ளையாக இருந்த லூயிஸ் போர்க்காலத்தில் தன் பரிசுப் பணத்தைக் கடற்படை நிதிக்குக் கொடுத்தார். பிறகு அதே அரசு வரிப்பாக்கி கேட்டு அவரைப் பல ஆண்டுகள் துரத்தியது.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமான கதை கிரிக்கெட்டில் இருக்கிறது. பல்வங்கர் பாலு, சமார் சாதியில் பிறந்த இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர். பூனாவில் மேல்சாதியினர் அவரைத் தங்கள் அணிக்கு ஆட வைத்தார்கள். தேநீர் மட்டும் வெளியே, தனி மண் குவளையில். பந்து தோல்தான். அதை அவர் தொட்டால் தீட்டில்லை, குவளையைத் தொட்டால் தீட்டு. 1911ல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். ஆனாலும் இந்துக்கள் அணிக்குத் தலைவராக அவரை ஆக்கவே இல்லை. சகோதரர்கள் அணியைவிட்டு விலகிப் போராடியபின், 1923ல்தான் தம்பி விட்டல் தலைவரானார். பாலுவை அம்பேத்கர் பாராட்டியிருக்கிறார். அதே பாலு 1937 தேர்தலில் காங்கிரசுக்காக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றார் என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. நம் வரலாற்றில் சௌகரியமில்லாத பக்கங்களும் உண்டு.

வடசென்னைக்கு இது வேறு மாதிரி வந்தது. வெள்ளைக்காரன் கொண்டு வந்த கையுறையைத் துறைமுகத் தொழிலாளியும் மீனவரும் தலித்தும் இஸ்லாமியரும் ஆங்கிலோ இந்தியரும் மாட்டிக்கொண்டார்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகள். சில பெயர்களில் சாதி ஒட்டிக்கொண்டிருந்தாலும் மேடையில் எதிரே நிற்க யாருக்கும் தடையில்லை. கித்தேரி முத்து, நாட் டெர்ரி பெயர்களை ராயபுரம் பக்கம் இன்றும் சொல்வார்கள். 2021ல் பா. இரஞ்சித்தின் படம் வந்தபின் உங்களுக்கும் தெரியும். எதிரே நிற்க முடிந்தது என்பதே அந்த மேடையின் பெருமை.

இப்போது அண்ணனின் கேள்விக்கு வருவோம். 1964 பிப்ரவரியில் சோனி லிஸ்டனை வீழ்த்தி அலி சாம்பியன் ஆனார். 1967 ஏப்ரலில் வியட்நாம் போருக்குப் போக மறுத்தார். யாரும் அவரை மேடையில் தோற்கடிக்கவில்லை. அலுவலக மேசையில் பட்டத்தைப் பிடுங்கினார்கள். பிடுங்கியதை என்ன செய்வது? உலகக் குத்துச்சண்டைச் சங்கம் ஒரு போட்டி நடத்தியது. நியூயார்க் ஆணையம் தன் பங்குக்கு ஜோ ஃபிரேசியரைச் சாம்பியன் என்றது. சங்கத்தின் போட்டியில் 1968 ஏப்ரலில் ஜெரி குவாரியை வென்று பட்டம் வாங்கியவர் ஜிம்மி எல்லிஸ். அலியின் அதே லூயிவில் ஊர்க்காரர், சின்ன வயதுத் தோழர், அவரோடு பயிற்சியில் நின்றவர். நண்பனிடமிருந்து பிடுங்கியதை இவர் இடுப்பில் கட்டினார்கள். எல்லிஸ் திருடவில்லை. மூன்று பேரை மேடையில் வென்றுதான் வாங்கினார். ஆனாலும் தெரு அதை நம்பவில்லை. 1970ல் ஃபிரேசியர் எல்லிஸை வீழ்த்தினார். 1971ல் அலியே எல்லிஸை வீழ்த்தினார். அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அலியின் தண்டனையை ரத்து செய்தது.

1980ல் பெரியமேட்டில், தோல் கிடங்குகளுக்குப் பக்கத்தில் இருக்கும் நேரு ஸ்டேடியத்தில் அலிக்கு எதிரே நின்றவர் அந்த ஜிம்மி எல்லிஸ்தான். பறித்ததைக் கட்டிக்கொண்டவரும் பறிகொடுத்தவரும் சேர்ந்து ஊர் ஊராக வந்து நம் ஜனத்துக்குச் சண்டை காட்டினார்கள். பட்டம் கொடுக்கும் அதிகாரம் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்கு அதைப் பிடுங்கவும் தெரியும், நம் பக்கத்து ஆளுக்கே கொடுத்து நம்மைப் பிரிக்கவும் தெரியும். அந்த இருவரும் பிரியவில்லை என்பதை அண்ணன் அன்று நேரில் பார்த்தார்.

பிறகு பட்டம் நான்காகக் கிழிந்தது. அமைப்புக்கு ஒரு பெல்ட், ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு கட்டணம். நான்கையும் ஒருவர் சேர்த்துக் கட்ட 2024 மே மாதம்வரை ஆயிற்று: உக்ரைனின் உசிக். அது பெரும்பாலும் வியாபாரக் கதை, இங்கே வேண்டாம்.

நம் விருதுக்கு வருகிறோம். 'தலித்' என்ற சொல்லை எடுக்கலாம் என்கிறவர்கள் அதை லாங்ஃபோர்டின் பட்டமாகப் பார்க்கிறார்கள், அதாவது இரண்டாவது டம்ளர். அந்தப் பயம் நியாயமானது. பெரிய விருதுக்காரர் திறந்திருக்கும் 'தலித் பிரிவு' இரண்டாவது டம்ளரேதான். அதற்கு நம் நூல்களை அனுப்பக் கூடாது என்பது எங்கள் நிலைப்பாடு. பொதுப் பிரிவுக்கு அனுப்புவோம், எதிரே நிற்போம், மறுத்தால் மறுத்தார்கள் என்று அச்சிட்டு வைப்போம். ஆனால் நாமே வைத்திருக்கும் விருது அப்படியல்ல. இதில் நடுவர் நாம், மேடை நாம், கதவும் நம்முடையது. இது பரம்பரை. பெயர் இருக்கட்டும் என்கிறோம். கூடவே ஒரு நிபந்தனை: ஒருமுறை வாங்கியவர் அடுத்த மூன்றாண்டு நடுவர் குழுவில் உட்காரக் கூடாது. ஜான்சனை மறக்க வேண்டாம்.

மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம். அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு பொதுக்குழு. அதற்குள் ஒரு வேண்டுகோள்: 1980ல் நேரு ஸ்டேடியத்துக்குப் போன அப்பா, தாத்தா யார் வீட்டில் இருந்தாலும், அவர்கள் சொல்வதைச் செல்போனில் பதிவு செய்து கொண்டு வாருங்கள். அலியைப் பற்றிச் சொல்லட்டும். எதிரே நின்றவரைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள்.