ஆளுக்குக் கொடுக்கிற சம்பளம் நிர்வாகச் செலவா?

(சென்னை கோபாலபுரத்தில் தொண்டு நிறுவன ஊழியர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டு நிதிச் சட்டத்தைப் பத்திப் பேசச் சொன்னீங்க. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு பக்கமாக நின்றுகொள்கிறார்கள். ஒரு பக்கம் தேசபக்தி, இன்னொரு பக்கம் ஜனநாயகம். நடுவில் ஒரு கூட்டம் மாட்டிக்கொண்டிருக்கிறது. புரொபோசல் எழுதுகிறவர், கணக்கு எழுதுகிறவர், ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டி அறிக்கை அனுப்புகிறவர். நானும் அதில் ஒருவன். சேரியிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்து, அரசு வேலை கிடைக்காத பல பேருக்கு இந்த வேலைதான் சோறு போட்டது. அவங்களைப் பத்தி யாரும் பேசறதில்லை.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பார்ப்போம். 1976-இல் நெருக்கடி நிலைக் காலத்தில் வந்த சட்டம் இது. 2010-இல் புதிதாக எழுதினார்கள். 2020-இல் கொரோனாவுக்கு நடுவே திருத்தினார்கள். செப்டம்பர் 20-ஆம் தேதி மக்களவையில் வைத்து, 23-ஆம் தேதி மாநிலங்களவையிலும் முடித்து, 29-ஆம் தேதி அமலுக்குக் கொண்டுவந்தார்கள். பத்தே நாள். நம்ம பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை வந்து சேர எத்தனை மாசம் ஆகுதுன்னு உங்களுக்கே தெரியும்.

திருத்தத்தில் மூன்று விஷயங்கள் நம்மைத் தொடுகின்றன. ஒன்று, வெளிநாட்டுப் பணம் தில்லி நாடாளுமன்றச் சாலையில் இருக்கும் ஸ்டேட் பாங்க் கிளைக்குத்தான் முதலில் வரவேண்டும். இரண்டு, வாங்கிய பணத்தைப் பதிவு பெற்ற இன்னொரு அமைப்புக்குக்கூட மாற்றித் தரக்கூடாது. மூன்று, நிர்வாகச் செலவு 50 சதவீதம் வரை இருக்கலாம் என்றிருந்ததை 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள்.

வருஷத்துக்குப் பத்து லட்ச ரூபாய் வரும் ஒரு சின்ன அமைப்பை எடுத்துக்குவோம். முன்பு ஐந்து லட்சம் வரை நிர்வாகத்தில் காட்டலாம். இப்போது இரண்டு லட்சம். மாசத்துக்கு 16,667 ரூபாய். இதற்குள் கணக்கர் சம்பளம், வாடகை, கரண்ட் பில், ஆடிட்டர், வண்டிப் பராமரிப்பு எல்லாம் அடங்க வேண்டும். அறிக்கை எழுதி அனுப்பும் செலவும் சட்டத் தொழில் கட்டணமும்கூட விதியில் நிர்வாகம்தான். ஆஸ்பத்திரி டாக்டர் சம்பளம், பள்ளிக்கூட ஆசிரியர் சம்பளம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அவையெல்லாம் நேரடிப் பணியாம். நல்லது. வன்கொடுமை நடந்த ஊருக்கு ராத்திரியோடு ராத்திரியாப் போய், ஸ்டேஷனில் உட்கார்ந்து முதல் தகவல் அறிக்கை போட வைத்து, டி.எஸ்.பி. விசாரணைக்கு வந்தாரா, நிவாரணம் வந்ததா என்று அலைகிறானே நம்ம பையன், அவன் பேர் அந்த விதியில் உதாரணமாகக்கூட இல்லை. நேரடிப் பணி என்று வாதாடலாம். பதிவு போய்விடுமோ என்று பயப்படும் ஆடிட்டர், "எதுக்கு வம்பு, நிர்வாகத்துலயே போடுங்க" என்பார்.

தையல் மெஷின் வாங்கிக் கொடுத்தால் திட்டச் செலவு. உரிமைக்காக ஓர் ஆளை நடக்க விட்டால் நிர்வாகச் செலவாகிவிடும் ஆபத்து. உரிமை வேலைக்குக் கட்டடமோ மெஷினோ கிடையாது. ஆள்தான் வேலை. ஆளைக் குறைத்தால் வேலையே போச்சு.

குஜராத்தில் மார்ட்டின் மக்வான் தொடங்கிய நவசர்ஜன் 1,589 கிராமங்களில் தீண்டாமை எப்படி நடக்கிறது என்று ஆய்வு செய்து 2010-இல் வெளியிட்டது. அத்தனை ஊருக்கும் கால் நடந்தது யார்? சம்பளம் வாங்கின களப்பணியாளர்கள்தான். 2016 டிசம்பரில் அதன் வெளிநாட்டு நிதிப் பதிவு ரத்தானது. ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பும் நிலை வந்தது.

மாற்றித் தரும் தடையும் அப்படித்தான். ஆங்கிலத்தில் புரொபோசல் எழுதத் தெரியாத, வெளிநாட்டுக்காரன் முகவரி தெரியாத கிராமத்து அமைப்புகள் நகரத்து அமைப்புகள் வழியாகப் பணம் பெற்றன. அந்த வழி அடைபட்டது. புதிதாகப் பதிவு கேட்கணும்னா மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு செய்திருக்க வேண்டும் என்கிறது 2020 விதி. பதினைந்து லட்சம் கையில் இருந்தா அவன் ஏன்யா விண்ணப்பம் போடப்போறான்? இந்தத் தடையும் தில்லிக் கணக்கும் செல்லும் என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இன்னொன்றும் சொல்லியாகணும். செலவைக் குறை என்று மேலிருந்து உத்தரவு வந்ததும் முதலில் வெளியே போனது யார்? நான் பார்த்த இடங்களில் இயக்குநர் அறையில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. போனது களப்பணியாளர், கணக்கு எழுதிய பெண், டிரைவர். மேலே யார், கீழே யார் என்று சாதியைக் கேட்டால் பதில் உங்களுக்கே தெரியும். தலித் பேரைச் சொல்லி வாங்கிய பணத்தில் தலித் ஊழியருக்கு வைப்பு நிதிகூடப் பிடிக்காத நிறுவனங்கள் இருக்கின்றன. சட்டத்தை எதிர்க்கும் நாம் இதையும் எதிர்க்காமல் இருக்க முடியாது.

"அதான் அப்பவே சொன்னோமே, வெளிநாட்டுப் பணம் ஏகாதிபத்தியச் சதி" என்று இடதுசாரித் தோழர்கள் சிலர் சிரிப்பார்கள். வெளியிலிருந்து உதவி வாங்குவது பாவமில்லை. 1920-இல் பாபாசாகேப் 'மூக்நாயக்' தொடங்க ஷாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். அந்தப் பணம் அம்பேத்கரின் வாயைக் கட்டவில்லை. ஆனால் கொடுக்கிறவன் நிறுத்தினால் நின்றுபோகிற வேலையை இயக்கம் என்று சொல்லவும் முடியாது. 2025-இல் டிரம்ப் அரசு அமெரிக்க உதவி நிறுவனத்தின் திட்டங்களில் 83 சதவீதத்தை ரத்து செய்தது. உலகம் பூராவும் நம்மைப் போன்ற ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். தில்லி நிறுத்தினாலும் வாஷிங்டன் நிறுத்தினாலும் விளைவு ஒன்றுதான்.

அப்ப என்ன செய்யறது? நம்ம கையில் ஒரு தொழில் இருக்கிறது. பட்ஜெட் படிக்கத் தெரியும், கணக்கில் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். இத்தனை நாள் அதை வெளிநாட்டுக்காரனுக்கு அறிக்கை எழுதவே செலவழித்தோம். இங்கே நம்ம பணம் கிடக்கிறது. சிறப்புக் கூறு திட்டம் 1979-80-இல் தொடங்கியது. நம் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப நிதி ஒதுக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நாம் 20 சதவீதம். ஆந்திராவில் 2013-இல் இதற்குத் தனிச்சட்டம் வந்தது, இங்கே 2024-இல்தான் வந்தது. எல்லாருக்கும் பொதுவான செலவில் ஒரு பங்கை எழுதி, 'இது ஆதிதிராவிடருக்கு' என்று காட்டும் வித்தையைக் கண்டுபிடிக்கக் கணக்குத் தெரிந்தவன் வேண்டும். அந்த ஆள் நாம்தான்.

கலைஞர் முதலமைச்சராக இருந்த காலமெல்லாம் இந்தக் கோபாலபுரத்துக்கு மனுவோடு வந்த சனம் கொஞ்சமா? மனு எழுதுவதில் நமக்குப் பஞ்சமே இல்லை. புரொபோசலும் ஒரு மனுதான். இனி கணக்குக் கேட்கணும்.

மாணவர்களுக்குச் சொல்கிறேன். ஆளுக்கொரு மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, துணைத் திட்டத்தில் எவ்வளவு ஒதுக்கினார்கள், எந்தத் தெருவுக்குச் செலவானது என்று வாங்குங்கள். வேலை இழந்த கணக்கர்கள் உட்கார்ந்து படித்துச் சொல்லித் தருவார்கள். அவர்களுக்கான சோத்துச் செலவை நாம் சந்தா போட்டுக் கொடுப்போம். பத்து ரூபாய், இருபது ரூபாய் போதும். அதற்கும் ரசீது கொடுப்போம். அந்தக் கணக்கை யார் வந்து கேட்டாலும் காட்டுவோம்.

ஜெய்பீம்.