வழியும் ஆறு, வெள்ளமும் ஆறு



தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் வழியையும் குறிக்கும். நீர் ஓடும் ஆற்றையும் குறிக்கும். இவ்விரு பொருளும் ஓரிடத்தே கலந்து நிற்பதைக் காண விரும்புவோர் பிளவக்கல் அணைக்கரையில் நின்று மலையை நோக்கலாம். பெரியாறு, கோவிலாறு என்னும் இரு நீர்த்தேக்கங்களுக்கும் பின்னே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல் எழுகின்றது. அம்மலைத்தொடரைச் சார்ந்ததே சதுரகிரி. தாணிப்பாறையிலிருந்து சுந்தரமகாலிங்கரை வழிபட ஏறுவோர் ஓடைகளைக் கடந்தே செல்லவேண்டும். வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்னும் பெயர்களே அவ்வழியின் இயல்பை உரைத்துவிடும்.

விடியலில் ஏறிப் பொழுது சாயுமுன் இறங்குதல் அங்குச் செல்வோர் வழக்கம். கோடையில் காலை வானம் தெளிந்திருக்கும். வெயில் ஏற ஏற முகட்டில் முகில் திரளும். பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். மண் குறைந்த பாறைச்சரிவு நீரை உறிஞ்சாது. ஆதலால் அடிவாரத்தில் ஒரு துளியும் விழாதபோதே ஓடை பெருகிவிடும். தெளிந்த நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்துவருதல், மேலிருந்து இரைச்சல் கேட்டல் ஆகியன முன்னறிகுறிகள். 2015ஆம் ஆண்டு மே மாதம் அமாவாசை வழிபாட்டை ஒட்டி மலையேறியோர் இத்தகைய வெள்ளத்தில் சிக்கினர், உயிர்கள் பறிபோயின. அன்று வழியாகிய ஆறே வெள்ளமாகிய ஆறாயிற்று.

நம் முன்னோர் இதனை அறியாதவரல்லர். பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளால் ஆயது. நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தரை அது வழிப்படுத்துகின்றது. அருவியின் அழகைச் சொல்லும் அதே புலவர், பாசி படர்ந்து வழுக்கும் இடங்களில் பற்றுக்கோடு கொண்டு நடக்கச் சொல்கிறார். பன்றிக்கு வைத்த பொறியையும் புனங்காவலர் எறியும் கவண்கல்லையும் எச்சரிக்கிறார். இரவில் நடவாது குகையில் தங்குமாறு பணிக்கிறார். குறிஞ்சிப்பாட்டின் முடிவில் கபிலர் காட்டும் தலைவியோ, காதலன் வரும் வழியிலுள்ள புலியையும் களிற்றையும் இடியையும் பாம்பையும் எண்ணிக் கலங்குகிறாள். அக்கலக்கம் கோழைமை அன்று, அன்பின் வடிவம்.

இன்றைய கவிதைகளில் மலை உண்டு, முகில் உண்டு, அருவி உண்டு; வழியின் ஏதம் மட்டும் இல்லை. மலையைத் தொலைவிலிருந்து பார்ப்பவனுக்கு மழை ஓர் அழகு. ஓடைக்கு அப்பால் மகனை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தாய்க்கு அது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தமையாலன்றோ திருவில்லிபுத்தூர்க் கோதையும், திருப்பாவையில் மழையை வேண்டும்போதே அது ஊறு செய்யாதிருக்கவும் வேண்டினாள்!

1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காடு, 2021 முதல் திருவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாக உள்ளது. மழை அச்சம் உள்ள நாளில் வனத்துறையினர் மலையேறத் தடை விதிப்பதுண்டு. பத்திக்கு இடையூறு எனச் சிலர் மனம் வருந்துவர். அவ்வருத்தம் பொய்யன்று, நெடுந்தொலைவிலிருந்து நேர்ந்துகொண்டு வந்தவர்கள் அவர்கள். ஆயினும், அடிவாரத்தில் மறித்து நிற்கும் காவலர், இரவுக்குறி வரும் தலைவனை ‘இவ்வழி வாரற்க’ என மறுக்கும் தோழியின் கடமையையே செய்கிறார். தோழி தடுப்பது காதலை அன்று, இறப்பை.

கவிஞர் பெருமக்களே, மலையைப் பாடுங்கள். பாடுமுன் அதன் வழியை அறியுங்கள். ஏறும் அழகைப் பாடிய பாட்டு, இறங்கி வீடு சேரும் வழியையும் காட்டட்டும். அதுவே ஆற்றுப்படை.