எந்த அளவுக் கத்தி?
(தோட்டத் தொழிலாளர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சென்ற மாதக் கூட்டம் முடிந்து போகையில் இளந்தோழர் ஒருவர் நம்மை நிறுத்தி, "அண்ணே, பல கருவி வைத்த மடக்குக் கத்தி ஒன்று வாங்கலாமென்றிருக்கிறேன். எந்த அளவில் வாங்குவது?" என்று கேட்டார். சம்பளம் பேசவேண்டிய மேடையில் பேனாக்கத்தியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் சிரிக்கலாம். பால் வெட்டுகிறவனுக்கு விரல்தான் முதல், தோழர்களே. அந்த முதலுக்கு நஷ்டம் வரும் வழிகளில் அளவு தவறிய கத்தியும் ஒன்று. ஆகவே செவி சாய்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

ஒன்றை முன்னதாகவே சொல்லிவிடுகிறோம். பால் வெட்டும் கத்தியின் இடத்தை இது பிடிக்காது. ஒரு வெட்டுக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகப் பட்டையைச் சீவி, உள்ளே மரத்தின் உயிர்ப்படையைத் தொடாமல் நிறுத்துவது அதற்கென்றே வளைத்துச் செய்த கத்தியின் வேலை. அவசரத்துக்குப் பேனாக்கத்தியால் மரத்தைத் தொட்டால் மரம் புண்ணாகும், கங்காணி ஏசுவார். அந்த ஏச்சுக்கு நாம் சங்கத்திலிருந்து மறுப்புச் சொல்ல மாட்டோம்.

1891ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்துப் படை தன் சிப்பாய்களுக்கு ஒரு மடக்குக் கத்தி கொடுத்தது. வெட்டும் அலகு ஒன்று, டின் திறப்பான் ஒன்று, திருப்புளி ஒன்று, துளையூசி ஒன்று. இவ்வளவே அதில் இருந்தன. சிப்பாய் உணவு டின்னைத் திறக்கவேண்டும், துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டவேண்டும். இந்த வேலைகள்தாம் அந்தக் கத்தியை நிர்ணயித்தன. முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன. வேலை தம் நாட்டுக் கைகளுக்கே வரவேண்டுமென்று கார்ல் எல்ஸனர் என்பவர் சக கத்தித் தொழிலாளரைச் சங்கமாகத் திரட்டினார். சோலிங்கன் விலையோடு போட்டியிட முடியாமல் மற்றவர்கள் விலகிக்கொண்டார்கள். அவர் நஷ்டத்தில் மூழ்கினார். (பாதியில் விலகுவது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் போலும்!) ஆனாலும் அவர் விடவில்லை. சிப்பாய்க் கத்தி கனமென்று கண்டு, 1897இல் அதைவிட இலேசான அதிகாரிக் கத்தியைச் செய்தார். அவர் பட்டறைதான் இன்றைய விக்டோரினாக்ஸ்.

அந்தக் கம்பெனிக் கத்திகளையே அளவுகோலாக வைத்துப் பேசுவோம். மடக்கிய நிலையில் 58, 84, 91, 111 மில்லிமீட்டர் என்று நீளங்கள் உண்டு. நீளத்தை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. 91 மில்லிமீட்டரிலேயே ஸ்பார்ட்டன் என்பது சுமார் 60 கிராம். ஸ்விஸ்சாம்ப் என்பது 185 கிராம். நீளம் ஒன்றே, கனமோ மூன்று பங்கு. கருவி கூடக்கூடக் கத்தி தடிக்கிறது, கை அதைச் சுற்றிப் பிடிக்க முடியாமல் போகிறது.

நாம் செய்த பிழையைச் சொல்ல வெட்கப்படவில்லை. போனஸ் கிடைத்த கையோடு இருப்பதிலேயே தடித்ததை வாங்கினோம். முப்பதுக்கு மேற்பட்ட கருவி! ஒரு வாரம் கால்சட்டைப் பையில் கல்லாகத் தொங்கியது. குனிந்தால் தொடையில் இடித்தது. இரண்டாம் வாரம் வீட்டு அலமாரிக்குப் போயிற்று. ஒருநாள் மழையில், காட்டுக்குள், சைக்கிள் சங்கிலியில் சாக்குக் கயிறு சிக்கிக்கொண்டது. கத்தியோ அலமாரியில் பத்திரமாக இருந்தது. பல்லால் கடித்துக் கயிற்றை அறுத்தோம்.

அதற்கு நேர்மாறான பிழையைச் செய்தார் நமக்குத் தெரிந்த ஒரு தோழர். சாவிக்கொத்தில் தொங்கும் 58 மில்லிமீட்டர்க் கத்தியை வைத்துக்கொண்டு இடுப்பு வாரில் துளை போட முனைந்தார். அந்தக் கத்தியை இரண்டு விரலால்தான் பிடிக்க முடியும். அலகை நிறுத்த அதில் பூட்டு கிடையாது. முதுகிலுள்ள வில்தகட்டின் அழுத்தம் மட்டுமே. முனையை வைத்து அழுத்தினார், அலகு மடங்கி ஆள்காட்டி விரலில் இறங்கியது. ஆறு வாரம் மரம் பக்கம் போகவில்லை. அந்த ஆறு வாரம் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.

ஆகவே கடையில் இப்படிப் பாருங்கள். அலகைத் திறந்து பிடியை மூடிக்கொள்ளுங்கள். நான்கு விரலும் பிடியின்மேல் உட்காரவேண்டும். பெரும்பாலான ஆண் கைக்கு 91, பல பெண்களின் கைக்கு 84 பொருந்தும். பிறகு கையை நனைத்துக்கொண்டு திறந்து பாருங்கள். விடியற்காலையில் பாலும் பனியும் பட்ட விரலுக்கு நகப்பள்ளம் வழுக்கும். காய்ந்த கையால் கடை வெளிச்சத்தில் திறப்பது பரீட்சையாகாது. கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். அழுத்திக் குத்தும் வேலை அடிக்கடி உண்டென்றால் பூட்டுள்ள 111 வாங்கி இடுப்பு உறையில் போடலாம். பைக்கு அது நீளம். கிராணிமாருக்கு, உறை கிழிக்கவும் நூல் வெட்டவும் 58 தாராளம், அதிலுள்ள சிறு கத்தரிக்கோலும் சாமணமும் ஆபீசுக்குப் போதும்.

மங்குக் கம்பியை வளைக்கிறவர்களுக்குக் குறடு வேண்டும். டிம் லெதர்மேன் என்ற அமெரிக்கர் 1975இல் பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, கையிலிருந்த கத்தியில் குறடு இல்லையே என்று தவித்து, குறட்டையே நடுவில் வைத்த கருவியை 1983இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அது கனம்தான். தினம் கம்பியைத் தொடாதவர் அதைச் சுமக்கவேண்டியதில்லை.

மடிப்பில் பால் உறைந்தால் வெந்நீரில் கழுவித் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். ஊருக்கு விமானமேறுகிறவர்கள் பெட்டியில் போட்டு அனுப்பிவிடுங்கள். கைப்பையில் இருந்தால் பறிபோகும். பட்டணத்துக்குப் படம் பார்க்கப் போகும்போது வீட்டில் வைத்துவிடுவது நல்லது. தகுந்த காரணமின்றிப் பொது இடத்தில் ஆயுதம் வைத்திருப்பதை மலேசியாவில் 1958ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்குகிறது. வேலைக் கத்தி என்று மரத்தடியில் சொல்லலாம், கொட்டகை வாசலில் சொன்னால் யார் நம்புவார்?

மேசைமேல் மூன்று அளவில் கத்தியும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்திருக்கிறோம். தேநீர் வருவதற்குள் ஒவ்வொருவராக வந்து கையை நனைத்துத் திறந்து பாருங்கள். பிள்ளைகளைச் சற்றுத் தள்ளி நிறுத்துங்கள்.