கொடுக்கும் கையும் கட்டும் கையும்

(எளாவூரில் ஆலைத் தொழிலாளர்கள், விவசாயத் தொழிலாளர்கள் மத்தியில் ஆற்றிய உரை)



இன்று கையைப் பற்றிப் பேசப் போகிறேன். உழைப்பவனுக்குக் கைதான் சொத்து. நாற்று நடுவதும், இரும்பு உருக்குவதும், செங்கல் அறுப்பதும் கை. ஆனால் அந்தக் கை எப்படி நின்றது, யார் முன்னால் எப்படி மடங்கியது என்பதைப் பார்த்தால், நம்முடைய சரித்திரமே அதில் எழுதியிருக்கிறது.

பண்ணையார் முன்னால் கைகட்டி நின்றோம். கூலிக்குக் கை நீட்டினோம். அடி விழுந்தால் கையெடுத்துக் கும்பிட்டோம். கட்டிய கையும் நீட்டிய கையும் கும்பிட்ட கையும் நம்முடையவை. எதிரே நின்றவன் தன் கையை நமக்குக் கொடுத்ததுண்டா? இல்லை. கும்பிடுவது கேவலமா என்று கேட்பீர்கள். இல்லை. இருவரும் ஒருவரையொருவர் கும்பிட்டால் அது மரியாதை. ஒருவன் கும்பிட, மற்றவன் வெறுமனே தலையாட்டிப் போனால், அதற்குப் பெயர் வேறு.

கை குலுக்குவதில் அந்த ஏமாற்று நடக்காது. ஒரு கையால் கை குலுக்க முடியுமா? இரண்டு பேர் வேண்டும். இருவர் கையும் ஒரே உயரத்துக்கு வர வேண்டும். அதுதான் அதன் சிறப்பு.

"இது வெள்ளைக்காரன் பழக்கம்தானே?" என்று சிலர் சொல்லுகிறார்கள். நம் ஊர் மாட்டுச் சந்தையைப் பாருங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசி முடிப்பது யார் பழக்கம்? கையில் அடித்துச் சத்தியம் செய்வது யார் பழக்கம்? ஆபத்தில் உதவியவனைப் பார்த்து "கைகொடுத்தான்" என்று சொல்லுகிற பாஷை நம் பாஷை. கையைத் தொட்டால் வாக்கு என்பது நமக்குத் தெரியாத சங்கதியல்ல. நம்மிலேயே ஒரு பகுதியைத் தொடக்கூடாது என்று சாதி தடுத்து வைத்ததுதான் கேடு.

தஞ்சை ஜில்லாவிலே பண்ணையாளுக்குச் சாட்டையடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்தன. அந்தச் சேரிகளுக்குள் நடந்துபோய் மக்களோடு மக்களாக இருந்தவர் பி. சீனிவாசராவ். அவர் கன்னட நாட்டிலே பிறந்தவர். அவருக்கும் நாகை, மன்னார்குடி விவசாயத் தொழிலாளிக்கும் பாஷையும் ஒன்றல்ல, சாதியும் ஒன்றல்ல. 1944-ல் மன்னார்குடியிலே ஒப்பந்தம் ஏற்பட்டு, சாட்டையடியும் சாணிப்பாலும் கூடாதென்று எழுத்தில் வந்தது. கட்டி நின்ற கை அவிழ்ந்து, பக்கத்தில் நின்றவன் கையைப் பிடித்ததால் வந்த பலன் இது.

இன்னொரு சம்பவம். அன்று நம் கும்மிடிப்பூண்டிப் பகுதியும் அடங்கியிருந்த செங்கல்பட்டு ஜில்லாவிலே, 1940-களின் பிற்பகுதியில் நடந்தது. கொல்லிமலையிலே பிறந்த ஆங்கிலேய டாக்டர் பால் பிராண்ட், வேலூர் மருத்துவக் கல்லூரியிலே வேலை பார்த்தவர். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தைப் பார்க்கப் போனார். விரல்கள் மடங்கி, கொக்கிபோல் ஆகிவிட்ட கைகள் அங்கே ஏராளம். அதில் ஒரு நோயாளியின் கைக்குள் தம் கையை வைத்து, "அழுத்திப் பிடி" என்றார். பலம் இருக்காதென்று நினைத்தார். அந்தக் கை பிடித்த பிடியில் டாக்டருக்கே வலியெடுத்தது!

அங்கேதான் அவருக்கு யோசனை பிறந்தது. இந்தக் கை செத்த கையல்ல. சில தசைகள் விழுந்துவிட்டன, சில நல்ல பலத்தோடு இருக்கின்றன. பலமுள்ள தசையின் நாணை எடுத்து, விழுந்த இடத்தில் இணைத்தால் விரல் நிமிராதா? வேலூரிலே அந்த அறுவைச் சிகிச்சையைச் செய்தார். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. விரல் தேய்ந்து போவதற்குப் பெரும் காரணம், உணர்ச்சி இல்லாத கையில் சூடும் காயமும் படுவதே என்பதையும் எடுத்துக் காட்டினார். தொழுநோய் கைகுலுக்குவதால் ஒட்டிக்கொள்வதுமில்லை. இன்று மருந்தால் முழுக்கக் குணமாகிறது. எட்ட நின்று பார்த்தவர்கள் ஊனத்தைக் கண்டார்கள். கையைப் பிடித்துப் பார்த்தவர் பலத்தைக் கண்டார். இதை மறக்காதீர்கள்.

கை சேராததால் வந்த கதையும் உண்டு. 1918-ல் சென்னை பெரம்பூரிலே மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. மூன்றே வருஷம் கழித்து, 1921-ல் பின்னி ஆலைகளிலே பெரிய வேலைநிறுத்தம். சாதி இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரு பக்கம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் மறுபக்கம். புளியந்தோப்பிலே குடிசைகள் எரிந்தன. போலீஸ் துப்பாக்கி வெடித்தது. வேலைநிறுத்தம் தோற்றது. யாருக்கு லாபம்? ஆலைக்காரனுக்கு! ஆதிதிராவிடத் தொழிலாளியைக் குறை சொல்லுவது சுலபம். தெருவிலே தீண்டமாட்டேன் என்றவன், ஆலை வாசலிலே மட்டும் "வா சகோதரா" என்றால் அவன் எப்படி நம்புவான்? நல்ல நாளில் கொடுக்காத கை, நெருக்கடியில் நீண்டால் யார் பிடிப்பார்கள்?

இன்று நம் சிப்காட் வாசலிலே அதே கேள்வி நிற்கிறது. ஒடிசா, பீகார், வங்காளம் ஆகிய இடங்களிலிருந்து வந்த தொழிலாளி நம் பக்கத்திலே உலைச் சூட்டில் நிற்கிறான். "வடக்கத்தியான் வந்து நம் பிழைப்பைக் கெடுத்தான்" என்று நம்மிலே பலர் பேசுகிறோம். குறைந்த கூலிக்கு ஆளைக் கூட்டி வந்தவன் யார்? கான்ட்ராக்டர். நமக்கும் அவனுக்கும் இடையில் நின்று இரண்டு கையிலும் பிடுங்குகிறவனை விட்டுவிட்டு, பிடுங்கப்படுகிறவனைத் திட்டுவது நியாயமா? 2020-ல் ஊரடங்கு வந்தபோது கூலியில்லாமல், சோறில்லாமல் ஊரை நோக்கி நடந்தவன் அவன்தான். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டிலே வடமாநிலத்தார் கொல்லப்படுகிறார்கள் என்று போலிப் படங்களைப் பரப்பினார்கள். பயந்துபோய்ப் பலர் மூட்டை கட்டினார்கள். பொய் அவ்வளவு சுலபமாக ஏறியது ஏன்? பக்கத்தில் நிற்பவனின் கையை நாம் ஒருமுறையாவது பிடித்திருந்தால், "அப்படியெல்லாம் இல்லை" என்று அவனே தன் வீட்டுக்குச் சொல்லியிருக்க மாட்டானா?

பாஷை தெரியாதே என்பீர்கள். எளாவூர்க்காரன் இதைச் சொல்லலாமா? ஒரு காதிலே தமிழ், மறு காதிலே தெலுங்கு கேட்டு வளர்ந்த எல்லை ஊர் இது. கை குலுக்க பாஷை எதற்கு?

ஒரு எச்சரிக்கையும் சொல்லுகிறேன். கை குலுக்கியதால் மட்டும் கூலி உயராது. ஆயுத பூஜையன்று கை கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, மறுவாரம் வேலையில்லை என்று வெளியே நிறுத்துகிற முதலாளியும் உண்டு. கொடுத்த கைக்குப் பின்னால் நடத்தை இருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கணக்கை நம்மிடமும் பாருங்கள். சேரித் தோழன் கையைச் சங்கக் கூட்டத்திலே குலுக்கிவிட்டு, வீட்டுத் திண்ணையிலே உட்காரச் சொல்லாதவன் கொடுத்தது அரைக் கைதான்.

நாளைக் காலை ஷிப்டுக்குப் போகிறீர்கள். களத்துக்குப் போகிறீர்கள். பக்கத்தில் நிற்கிற புதிய ஆளின் பெயரைக் கேளுங்கள். ஊரைக் கேளுங்கள். என்ன கூலி என்று கேளுங்கள். உங்கள் கூலியையும் சொல்லுங்கள். முதலில் கையைக் கொடுங்கள். எண்ணெயும் சேறும் ஒட்டியிருந்தால் பரவாயில்லை, அவன் கையிலும் அதேதான் இருக்கும்.